சர், லேடி, ராவ்பகதூர்: பட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஆண்டுக்கு இருமுறை, புத்தாண்டை ஒட்டியும் ஜூன் மாதத்தில் மன்னரின் அதிகாரபூர்வப் பிறந்தநாளை ஒட்டியும், பிரிட்டனில் பட்டம் பெறுவோர் பட்டியல் வெளியாகிறது. அப்போதெல்லாம் அதில் நம்மவர் யார் என்று தேடுவதும், பெயருக்கு முன்னாலும் பின்னாலும் வரும் எழுத்துகளுக்குப் பொருள் கேட்பதும் நம் வாசகர்களின் வழக்கம். அவ்வாறு வந்து சேர்ந்த கேள்விகளை இந்த மாதம் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சேலம் வாசகர்: வேதியியலில் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனைச் சிலர் 'சர் வெங்கி' என்றும் வேறு சிலர் 'சர் ராமகிருஷ்ணன்' என்றும் எழுதுகிறார்கள். எது சரி?

'சர் வெங்கி ராமகிருஷ்ணன்' என்று முழுப் பெயராக எழுதலாம். சுருக்க வேண்டுமானால் 'சர் வெங்கி' என்று எழுத வேண்டும். 'சர்' என்ற அடைமொழி ஒருவருடைய சொந்தப் பெயரோடுதான் ஒட்டி நிற்கும். குடும்பப் பெயருக்கு முன்னால் அது தனியாக வராது. 1705-ல் கேம்பிரிட்ஜில் ஆன் அரசியிடம் பட்டம் பெற்ற நியூட்டன் 'சர் ஐசக்' ஆனாரே ஒழிய, 'சர் நியூட்டன்' ஆகவில்லை. 'லார்ட்' என்ற அடைமொழிக்கு விதி நேர் எதிரானது. கவிஞர் டென்னிசன் பிரபுவானபோது 'லார்ட் டென்னிசன்' ஆனார், 'லார்ட் ஆல்ஃபிரட்' ஆகவில்லை.

தமிழர் பெயர்களில் இந்த விதிக்கு இன்னொரு அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த அந்த விஞ்ஞானியின் சொந்தப் பெயர் வெங்கட்ராமன். ராமகிருஷ்ணன் என்பது அவருடைய தந்தையின் பெயர். ஆகவே 'சர் ராமகிருஷ்ணன்' என்று எழுதினால், நம் பெயரிடும் வழக்கின்படி, மகன் பெற்ற பட்டத்தைத் தந்தைக்குச் சூட்டியதாக ஆகிவிடும். 1929-ல் சர் பட்டமும் அடுத்த ஆண்டு நோபல் பரிசும் பெற்ற சி. வி. ராமனிடத்தில் நிலைமை சற்று மாறுபட்டது. சந்திரசேகரன் அவருடைய தந்தையின் பெயர். வெங்கடராமன் அவருடைய சொந்தப் பெயர். அந்தச் சொந்தப் பெயரே இரண்டாகப் பிரிந்து, பிற்பகுதி குடும்பப் பெயர்போல் நின்றுவிட்டது. எனவே ஆங்கில முறைப்படி பார்த்தால் 'சர் ராமன்' பிழை. ஆனால் தமிழ் முறைப்படி அது அவருடைய சொந்தப் பெயரின் ஒரு பகுதிதான். ஐயத்துக்கு இடமில்லாத வடிவம் 'சர் சி. வி. ராமன்' என்பதே. பட்டத்தைச் சொந்தப் பெயருக்கு முன்னால் வைப்பது நமக்குப் புதிதல்ல. சோழனின் படைத்தலைவனாகச் சங்கப் பாடலில் வரும் ஏனாதி திருக்கிள்ளியின் பெயரில், 'ஏனாதி' என்பது அரசன் அளித்த பட்டம். திருக்கிள்ளி என்பதே அவனுடைய பெயர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெங்கி ராமகிருஷ்ணன் 2012-ல் சர் பட்டம் பெற்றாரென்றாலும் பொதுவாக அந்த அடைமொழியைப் பயன்படுத்துவதில்லை. 2022-ல் அவர் 'ஆர்டர் ஆஃப் மெரிட்' என்ற குழுவிலும் சேர்க்கப்பட்டார். ஏழாம் எட்வர்டு 1902-ல் நிறுவிய அந்தக் குழுவில் ஒரே சமயத்தில் இருபத்து நான்கு பேருக்கு மேல் இருக்க முடியாது. அதில் சேர்ந்தவருக்கு 'சர்' போன்ற எந்த அடைமொழியும் கிடைப்பதில்லை. பெயருக்குப் பின்னால் 'ஓ.எம்.' என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே வரும். இருந்தும் அறிவுலகத்தில் பலர் சர் பட்டத்தைவிட அதனையே பெரிதாக மதிக்கிறார்கள். என் கருத்தும் அதுவே.

சென்னை வாசகி: சேத்துப்பட்டில் உள்ள 'லேடி ஆண்டாள்' பள்ளியில் படித்தவள் நான். சர் பட்டம் பெற்றவரின் மனைவிக்கு 'லேடி' என்ற அடைமொழி எப்படி வரும்? இந்தப் பெயர் முறையானதுதானா?

உங்கள் பள்ளியின் பெயருக்குரிய ஆண்டாள் அம்மையார், நீதிபதி சர் முத்தா வெங்கடசுப்பராவின் துணைவியார். இருவரும் சேர்ந்து 1928-ல் தொடங்கிய மதராஸ் சேவா சதனத்தின் வழியில் வந்தது அந்தப் பள்ளி. சர் பட்டம் கணவரின் சொந்தப் பெயரோடு சேரும்போது, மனைவிக்குரிய 'லேடி' குடும்பப் பெயரோடுதான் சேரும். ஆகவே லண்டன் அரண்மனை வழக்கப்படி அவர் 'லேடி வெங்கடசுப்பராவ்'. ராமனின் துணைவியார் லோகசுந்தரி அம்மாள் 'லேடி ராமன்' என்று அறியப்பட்டது அந்த முறைப்படிதான். சொந்தப் பெயருக்கு முன்னால் 'லேடி' வருவது டியூக், மார்க்வெஸ், ஏர்ல் ஆகிய பிரபுக்களின் மகள்களுக்கு உரியது. டயானாவின் தந்தை 1975-ல் ஏர்ல் ஸ்பென்சர் ஆனதிலிருந்து 1981-ல் திருமணம் ஆகும்வரை அவர் 'லேடி டயானா' என்று அழைக்கப்பட்டது இந்த உரிமையால்தான்.

ஆயினும் சென்னை நகரம் ஆண்டாள் அம்மையாரை அவருடைய சொந்தப் பெயராலேயே நினைவில் வைத்திருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. கணவர் வழியாக வந்த பட்டத்தை அவர் செய்த தொண்டோடு சேர்த்துத் தமிழ்நாடு தன் முறைப்படி வழங்கிக்கொண்டது. பெண்கள் தம் சொந்தத் தகுதியால் பெறும் பட்டத்துக்கு 'டேம்' என்று பெயர். அதுவும் 'சர்' போலவே சொந்தப் பெயரோடு சேரும். ஆனால் டேம் பட்டம் பெற்றவரின் கணவருக்கு அதன்மூலம் எந்த அடைமொழியும் வருவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இன்றுவரை திருத்தப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது.

மதுரை வாசகர்: 'ஆர்டர் ஆஃப் தி கார்ட்டர்', 'ஆர்டர் ஆஃப் தி பிரிட்டிஷ் எம்பயர்' என்றெல்லாம் சொல்கிறார்களே, இந்த 'ஆர்டர்' என்றால் பதக்கமா, கட்டளையா?

இரண்டும் அல்ல. இங்கே 'ஆர்டர்' என்பது ஒரு திருக்கூட்டம். கிறித்தவத் துறவியர் ஒரு குறிப்பிட்ட சபையைச் சேர்ந்தவராக வாழ்வதுபோல, இடைக்காலத்தில் வீரர்களும் ஒரு புனிதரைக் காவலாகக் கொண்டு, ஒரு கோயிலை இருப்பிடமாகக் கொண்டு, உறுதிமொழி எடுத்துச் சபையாகச் சேர்ந்தனர். அரசர்கள் அந்த அமைப்பைப் பார்த்துத் தமக்கு நெருங்கியவர்களைக் கொண்டு தம் அவையிலும் அத்தகைய சபைகளை ஏற்படுத்தினர். ஆகவே ஒருவர் 'ஆர்டர் பெற்றார்' என்பதைவிட 'ஆர்டரில் சேர்க்கப்பட்டார்' என்பதே பொருளுக்கு நெருக்கமானது. பதக்கமும் நாடாவும் அந்த உறுப்பினர் நிலையின் அடையாளங்கள் மட்டுமே.

இவற்றுள் மூத்தது கார்ட்டர். மூன்றாம் எட்வர்டு அதனை 1348-ஐ ஒட்டி நிறுவினார். மன்னர், வேல்ஸ் இளவரசர் ஆகியோருடன் இருபத்து நான்கு தோழர்கள் என்பதே அதன் அளவு. அரச குடும்பத்தினரும் வெளிநாட்டு அரசர்களும் அந்தக் கணக்குக்கு வெளியே கூடுதலாகச் சேர்க்கப்படுகிறார்கள். 'கார்ட்டர்' என்றால் காலுறை நாடா. நடனத்தின்போது ஒரு சீமாட்டியின் காலுறை நாடா அவிழ்ந்து விழுந்ததாகவும், சுற்றி நின்றவர்கள் சிரிக்க, மன்னர் அதை எடுத்துத் தம் காலில் கட்டிக்கொண்டு 'இதில் தீமையை நினைப்பவருக்கே இழிவு' என்று பழைய பிரெஞ்சு மொழியில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை பிற்காலத்தது, ஆனால் அந்த வாசகம் ஆர்டரின் குறிக்கோள் உரையாகவும், இடது முழங்காலுக்குக் கீழே கட்டும் நீல நாடா அதன் சின்னமாகவும் இன்றும் இருக்கின்றன. பெண்கள் அந்த நாடாவை இடக்கையில் கட்டிக்கொள்கிறார்கள்.

வின்சர் கோட்டையில் உள்ள புனித ஜார்ஜ் தேவாலயம் இந்த ஆர்டரின் இருப்பிடம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அங்கே ஓர் இருக்கை உண்டு. அதற்கு மேலே அவருடைய கொடி தொங்கும். அவர் இறந்ததும் கொடி இறக்கப்படும். அவர் பெயரும் சின்னமும் பொறித்த உலோகத் தகடு மட்டும் இருக்கையின் பின்புறத்தில் நிலைத்திருக்கும். பல நூற்றாண்டுகளின் தகடுகள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ஜூன் மாதத்தில் நீல வெல்வெட் அங்கியும் வெண்ணிறத் தீக்கோழி இறகு வைத்த தொப்பியும் அணிந்து உறுப்பினர்கள் கோட்டையிலிருந்து தேவாலயத்துக்கு ஊர்வலமாகச் செல்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1946 முதல் இதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது மன்னரின் சொந்த விருப்பம். பிரதமரின் பரிந்துரை தேவையில்லை. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரியும், பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரும் 1995-ல் இதில் சேர்க்கப்பட்டனர்.

ஸ்காட்லாந்துக்கு உரிய திசில் ஆர்டரில் பதினாறு பேர். பாத் ஆர்டர் 1725-ல் முதலாம் ஜார்ஜால் நிறுவப்பட்டு, மூத்த அரசு அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் உரியதாயிற்று. இவையெல்லாம் மேல்தட்டில் இருந்தவர்களுக்கே கிடைத்தன. முதல் உலகப் போரில் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் உழைத்த எண்ணற்ற பொதுமக்களைப் பாராட்ட ஒரு வழி வேண்டியிருந்தது; அதற்காக ஐந்தாம் ஜார்ஜ் 1917-ல் நிறுவியதுதான் பிரிட்டிஷ் எம்பயர் ஆர்டர். பெண்களும் தொடக்கத்திலிருந்தே அதில் இடம் பெற்றனர். அதில் ஐந்து படிகள் உண்டு: மேலிருந்து ஜி.பி.இ., கே.பி.இ. (பெண்களுக்கு டி.பி.இ.), சி.பி.இ., ஓ.பி.இ., எம்.பி.இ. முதல் இரண்டு படிகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே 'சர்' அல்லது 'டேம்' என்ற அடைமொழி உரியது. ஓ.பி.இ. பெற்ற ஒருவரைச் 'சர்' என்று எழுதுவது நம் செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

எந்த ஆர்டரிலும் சேராமல் சர் பட்டம் மட்டும் பெறுவோரும் உண்டு. அவர்கள் 'நைட் பேச்சிலர்' எனப்படுவர். 'சர்' என்ற அடைமொழியைத் தரும் பட்டத்தின் ஆங்கிலப் பெயரே 'நைட்'; 'பேச்சிலர்' என்று வந்தாலும் இதற்கும் திருமணத்துக்கும் தொடர்பில்லை. சி. வி. ராமனும் வெங்கி ராமகிருஷ்ணனும் இந்த வகையினரே.

பட்டம் பெறுபவர் ஒரு சிறு மணையில் மண்டியிட, மன்னர் வாளால் இரு தோள்களையும் தொடுவார். அந்த வாள் ஆறாம் ஜார்ஜுக்கு உரியதாக இருந்தது. திரைப்படங்களில் கேட்கும் 'எழுந்திருங்கள், சர்' என்ற வாசகம் உண்மைச் சடங்கில் சொல்லப்படுவதில்லை. பெண்களுக்கு வாள் தொடும் சடங்கு இல்லை.

காரைக்குடி வாசகர்: 'ராஜா சர்' என்று இரண்டையும் சேர்த்து வழங்குவது ஏன்? இந்தப் பட்டங்கள் வாரிசுகளுக்கு உரியவையா?

அண்ணாமலைச் செட்டியாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் இந்த இரண்டு சொற்களும் வெவ்வேறு இயல்புடையவை. 1923-ல் அவர் பெற்ற சர் பட்டம் அவருடைய ஆயுளோடு முடிவது. 1929-ல், அவர் பெயரால் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தோன்றிய அதே ஆண்டில், கிடைத்த 'ராஜா' பட்டமோ பரம்பரைக்கு உரியது. ஆகையால் அவருடைய மகன் முத்தையாச் செட்டியார் ராஜா பட்டத்தைத் தந்தையிடமிருந்து பெற்றார். சர் பட்டத்தை 1941-ல் தாமாகவே பெற்றார். 'ராஜா சர் முத்தையாச் செட்டியார்' என்ற பெயரில் முதற்சொல் தந்தை வழி வந்தது, இரண்டாம் சொல் அவரே ஈட்டியது.

பரம்பரையாகத் தொடரும் சர் பட்டமும் ஒன்று உண்டு. அதற்குப் 'பாரனெட்' என்று பெயர். முதலாம் ஜேம்ஸ் 1611-ல், படைக்குப் பணம் திரட்டும் பொருட்டு, வசதி படைத்த குடும்பங்களுக்கு விலைக்கு அளிக்கத் தொடங்கிய பட்டம் அது. பம்பாயின் பார்சி வணிகரும் வள்ளலுமான ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1842-ல் நைட் பட்டமும் 1857-ல் பாரனெட் பட்டமும் பெற்றார். பட்டத்துக்கு வரும் ஒவ்வொரு வாரிசும் தம் பெயரை விட்டு ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பெயரையே சூட்டிக்கொள்ள வேண்டும் என்று அக்குடும்பத்துக்கெனச் சட்டமே இயற்றப்பட்டது.

திருச்சி வாசகர்: எங்கள் தெருவில் உள்ள பழைய வீட்டுக் கல்வெட்டில் 'திவான்பகதூர்' என்று தொடங்கி, பெயருக்குப் பின்னால் 'சி.ஐ.இ.' என்று முடிகிறது. இது சர் பட்டத்துக்குச் சமமா?

சமமல்ல, ஆனால் எளிதில் கிடைத்ததும் அல்ல. உங்கள் கல்வெட்டில் இருவகைச் சிறப்புகள் கலந்துள்ளன. ராவ்சாகிப், ராவ்பகதூர், திவான்பகதூர் என்று ஏறுவரிசையில் அமைந்த பட்டங்கள் இந்தியாவில் வைஸ்ராயின் அரசால் வழங்கப்பட்டவை. இஸ்லாமியருக்குக் கான்சாகிப், கான்பகதூர் என்றும், வட இந்திய இந்துக்களுக்கு ராய்சாகிப், ராய்பகதூர் என்றும் வழங்கின. இவற்றைப் பெற்றவர்கள் எந்த ஆர்டரிலும் உறுப்பினர் ஆவதில்லை.

'சி.ஐ.இ.' என்பதோ 'ஆர்டர் ஆஃப் தி இந்தியன் எம்பயர்' என்ற சபையின் கடைசிப் படி. இந்தியாவுக்கென இரண்டு ஆர்டர்கள் இருந்தன. 1857-ன் பேரெழுச்சிக்குப் பிறகு ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசிக்கு மாறியது. சுதேச மன்னர்களின் பற்றுறுதியைப் பெற வேண்டிய தேவை எழுந்தது. அந்தச் சூழலில் 1861-ல் விக்டோரியா 'ஸ்டார் ஆஃப் இந்தியா' ஆர்டரை நிறுவினார். அதன் சின்னத்தில் சிலுவையோ கிறித்தவப் புனிதரின் உருவமோ இல்லை. நட்சத்திரமும் அரசியின் உருவமும் இருந்தன. 'வானொளியே எமக்கு வழிகாட்டி' என்பது அதன் வாசகம். உறுப்பினர் எண்ணிக்கை குறுகலாக இருந்தது. அதனால் அடுத்த நிலை அதிகாரிகளுக்கும் அறிஞர்களுக்குமாக 1878-ல் தோன்றியது இந்தியன் எம்பயர் ஆர்டர். அதில் கே.சி.ஐ.இ. நிலைக்கு உயர்ந்தால்தான் 'சர்' என்ற அடைமொழி கிடைக்கும். தெருவிளக்கில் படித்து முன்னேறியவர் என்று நாம் சிறுவயதில் கேட்டறிந்த முத்துசாமி ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி, 1878-ல் சி.ஐ.இ. ஆனார். 'சர் முத்துசாமி ஐயர்' ஆவதற்கு 1893 வரை பதினைந்து ஆண்டுகள் ஆயின. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியாரின் சர் பட்டமும் இந்த ஆர்டரின் வழியாக 1933-ல் வந்ததே.

இரண்டு ஆர்டர்களும் முறைப்படி ஒழிக்கப்படவில்லை. ஆனால் இந்தியா விடுதலை பெற்றபின் புதிதாக எவரும் சேர்க்கப்படவில்லை. ஸ்டார் ஆஃப் இந்தியாவின் கடைசி நைட்டான அல்வார் மகாராஜா 2009-ல் மறைந்தார். மற்ற ஆர்டரின் கடைசி நைட்டான திராங்கத்ரா மகாராஜா அடுத்த ஆண்டு மறைந்தார். அந்தக் கல்வெட்டைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடாமல் காக்க உங்கள் தெருவினரிடம் சொல்லுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: சர் பொன்னம்பலம் அருணாசலம், சர் பொன்னம்பலம் இராமநாதன் இருவரும் ஒரே பட்டத்தையா பெற்றனர்?

இல்லை. அருணாசலம் 1913-ல் பெற்றது நைட் பேச்சிலர் பட்டம். இராமநாதனுக்கு 1889-லேயே 'புனித மைக்கேல், புனித ஜார்ஜ்' ஆர்டரின் கடைசிப் படியான சி.எம்.ஜி. கிடைத்திருந்தது, 1921-ல் அதே ஆர்டரில் கே.சி.எம்.ஜி. ஆகச் சர் பட்டத்துக்கு உயர்ந்தார். மால்ட்டாவுக்கும் அயோனியத் தீவுகளுக்குமாக 1818-ல் தொடங்கிய அந்த ஆர்டர், பின்னர் குடியேற்ற நாடுகளில் பணி செய்தவர்களுக்கும் வெளியுறவுப் பணியாளர்களுக்கும் உரியதாக விரிந்தது. இந்தச் சகோதரர்களின் தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி 1874-லேயே சர் பட்டம் பெற்றவர். கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. இங்கும் ஒரு பெயர்ச் சிக்கல் உண்டு. 'சர் பொன்னம்பலம்' என்று சுருக்கினால் அது சகோதரர்கள் இருவரையும் குறிக்காது. அவர்களின் தந்தையைத்தான் குறிக்கும்.

கோயம்புத்தூர் வாசகி: ரத்தன் டாட்டாவுக்குப் பிரிட்டன் நைட் பட்டம் கொடுத்தும் அவரை ஏன் யாரும் 'சர் ரத்தன்' என்று அழைக்கவில்லை?

அவர் பெற்றது மதிப்புறு நிலை. பிரிட்டிஷ் மன்னரைத் தம் நாட்டின் தலைவராகக் கொண்டவர்களுக்கே முழு உறுப்பினர் நிலையும் 'சர்' என்ற அடைமொழியும் உண்டு. மற்ற நாட்டவர் எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், அடைமொழி கிடையாது. டாட்டா 2009-ல் மதிப்புறு கே.பி.இ., 2014-ல் மதிப்புறு ஜி.பி.இ. பெற்றார். பில் கேட்ஸின் நிலையும் இதுவே.

நம் அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகளைத் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்றும், இந்தியக் குடிமகன் அயல்நாட்டுப் பட்டத்தை ஏற்கக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படியானால் பத்ம விருதுகள் எப்படி என்ற வழக்கில், அவை பட்டங்கள் அல்ல என்றும், ஆனால் பெயருக்கு முன்னோ பின்னோ அவற்றைச் சேர்க்கக் கூடாது என்றும் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழைப்பிதழ்களில் 'பத்மஸ்ரீ' என்று பெயருக்கு முன்னால் அச்சிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் தொடர்வது சரியன்று. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1931-ல் சர் பட்டம் பெற்றவர். விடுதலைக்குப் பின் அந்த அடைமொழியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார். 1963-ல் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவருக்கு மதிப்புறு ஆர்டர் ஆஃப் மெரிட் அளிக்கப்பட்டது; அது அடைமொழி எதையும் தராத ஒன்று என்பதை மேலே பார்த்தோம்.

தஞ்சாவூர் வாசகர்: பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? தாகூரைத் தவிர வேறு யாரேனும் அவ்வாறு செய்தார்களா?

1915-ல் சர் பட்டம் பெற்ற தாகூர், ஜாலியன்வாலா பாக் படுகொலையை அடுத்து, 1919 மே மாத இறுதியில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தை நாம் எல்லோரும் அறிவோம். அவருக்கு முன்பே சென்னையில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார். அவர் நாம் போதிய அளவுக்கு நினைக்காத எஸ். சுப்பிரமணிய ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிப் பொறுப்பையும் வகித்தவர்; கே.சி.ஐ.இ., திவான்பகதூர் இரண்டும் பெற்றவர். அன்னி பெசன்ட் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, 1917 ஜூனில், இந்தியாவின் நிலையை விளக்கி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காகப் பிரிட்டிஷ் அரசு அவரைக் கண்டித்தபோது, முதிர்ந்த வயதில், இரண்டு பட்டங்களையும் துறந்தார். தலைநகரிலிருந்து தொலைவில் இருந்ததாலோ என்னவோ, அவருடைய துறவு பாடப்புத்தகத்தில் இடம்பெறவில்லை. இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன். 1920-ல் காந்தியடிகள் திருப்பிக் கொடுத்த 'கைசர்-இ-ஹிந்த்' பட்டமன்று. அது பொதுச்சேவைக்கான பதக்கம்.

பதக்கத்தைத் திருப்பி அனுப்புவதால் மட்டும் ஆர்டரின் உறுப்பினர் நிலை ரத்தாகிவிடாது. 1969-ல் ஜான் லெனன் தம் எம்.பி.இ. பதக்கத்தை அனுப்பிவைத்தபோதும் நிலை அதுவே. மன்னரின் ஆணை வந்து, 'லண்டன் கெசட்' என்ற அரசிதழில் வெளியானால்தான் பெயர் நீங்கும். அத்தகைய பறிப்புகளும் நடந்திருக்கின்றன: ஐரிஷ் விடுதலைக்காகத் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்ட் 1916-ல், ஜிம்பாப்வே அதிபர் ராபர்ட் முகாபே 2008-ல், வங்கி வீழ்ச்சிக்குப் பின் ஃபிரெட் குட்வின் 2012-ல். ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் கார்ட்டர் கொடி 1941-ல் வின்சரிலிருந்து இறக்கப்பட்டது. 1971-ல் மீண்டும் ஏற்றப்பட்டது.

திருநெல்வேலி வாசகி: மன்னரின் மனைவி அரசி ஆகும்போது, அரசியின் கணவர் ஏன் மன்னர் ஆவதில்லை? 'இளவரசி டயானா' என்பது சரியான பெயரா?

பிரிட்டிஷ் வழக்கில் மனைவி கணவரின் நிலையைப் பெறுகிறார். கணவர் மனைவியின் நிலையைப் பெறுவதில்லை. அதனால் கமிலா இன்று அரசி. இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப்போ 1947-ல் எடின்பரோ டியூக் ஆகவும், 1957-ல் தனி ஆணையால் இளவரசராகவும் ஆக்கப்பட்டார். பிறப்பால் இளவரசியாக இல்லாத ஒருவர் தம் சொந்தப் பெயருக்கு முன்னால் 'இளவரசி' என்று சேர்க்க முடியாது. எனவே உலகம் முழுவதும் வழங்கிய 'இளவரசி டயானா' முறையான பெயர் அல்ல. மணவாழ்வின்போது அவர் வேல்ஸ் இளவரசி. 1996 மணவிலக்குக்குப் பின் 'டயானா, வேல்ஸ் இளவரசி'. 'மேதகு அரச உயர்நிலை' ('ஹெர் ராயல் ஹைனஸ்') என்ற விளி அப்போது நீங்கிவிட்டது.

அந்த விளியும் இளவரசர் என்ற நிலையும் யாருக்கு உரியவை என்பதை 1917-ல் ஐந்தாம் ஜார்ஜ் ஓர் ஆணையால் வரையறுத்தார்: மன்னரின் பிள்ளைகள், மன்னருடைய மகன்களின் பிள்ளைகள், வேல்ஸ் இளவரசருடைய மூத்த மகனின் மூத்த மகன். இதன்படி வில்லியமுக்கு முதலில் பெண் பிறந்திருந்தால் அவள் இளவரசி ஆகியிருக்க மாட்டாள். அதனால் 2012-ன் இறுதியில் எலிசபெத் அந்த ஆணையை விரிவாக்கினார். அரச ஆணையால் வந்ததை அரச ஆணையால் நீக்கவும் முடியும். 2025-ல் சார்லஸ் தம் தம்பி ஆண்ட்ரூவின் இளவரசர் பட்டத்தை நீக்கினார்.

உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் பாட்டியின் வெள்ளி ரூபாய்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1876 வரையிலான ஆண்டு பொறித்தவற்றில் 'விக்டோரியா குயின்' என்றும், 1877 முதல் 'விக்டோரியா எம்ப்ரஸ்' என்றும் இருக்கும். 1876-ல் நிறைவேறிய சட்டத்தால் அவர் இந்தியாவின் பேரரசி ஆனார். 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் அது அறிவிக்கப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் அந்தப் பட்டத்தை விட்டது 1948 ஜூன் 22 அன்று.

டொராண்டோ வாசகி: எம்.பி.இ. பதக்கங்களைத் தைத்தவர்களில் ஈழத்துப் பெண் ஒருவரும் இருந்தார் என்பது உண்மையா?

உண்மை. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் 2019-ல் எம்.பி.இ. பட்டியலில் இடம்பெற்றபோது அவரே இதைச் சொன்னார். போரிலிருந்து தப்பி 1986-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த அவருடைய தாயார், அதன் பிறகு தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் பதக்கங்களுக்கான கைத்தையல் வேலையிலேயே கழித்தவர். பிரிட்டிஷ் எம்பயர் ஆர்டரின் நாடா தொடக்கத்தில் ஊதா நிறமாக இருந்தது. பின்னர் ரோஜா வண்ணத்தில், முத்துச் சாம்பல் நிறக் கரை வைத்ததாக மாறியது. ஆயிரக்கணக்கான பதக்கங்கள் அந்தத் தாயின் கைவழியே சென்றிருக்கின்றன. 2020 ஜனவரியில் பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் அதே நாடாவில் கோத்த பதக்கத்தை அவருடைய மகளின் உடையில் மாட்டினார்.